உப்புப் பாத்தியில் இருபத்திரண்டு அடி

“அக்கா, இனிமே கண்டினியூட்டிக்கு ஆளே தேவையில்லையாமே? ரெண்டு ஷாட்டையும் போட்டா சாஃப்ட்வேரே வித்தியாசத்தைக் காட்டிடுதாம். நீங்க சரியான நேரத்துல ரிட்டயர் ஆயிட்டீங்க!”

நான் படித்த காட்சித் தொடர்பியல் துறையின் மாணவர்கள் போன மாதம் இப்படிச் சொன்னார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. எட்டு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு சொந்தக் கதை ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் ‘ரிட்டயர்டு அக்கா’ என்று பெயர் வைத்தாயிற்று. துறை மலரில் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பெயருக்கு ஏற்ற வேலைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

கண்டினியூட்டி என்றால் என்னவென்று என் அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்கிறேன். படத்தில் ஒருத்தி வாசலில் அழுதபடி வீட்டுக்குள் போவாள். வாசலைத் திங்கட்கிழமை எடுத்திருப்பார்கள். வீட்டின் உட்புறத்தை வியாழக்கிழமை வேறு ஊரில் எடுப்பார்கள். கண்ணீர் எந்தக் கன்னத்தில் இருந்தது, பை எந்தக் கையில் இருந்தது, புடவைத் தலைப்பு எப்படி விழுந்திருந்தது என்பதையெல்லாம் எழுதி வைத்து, மாறினால் நிறுத்திச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “எல்லாரும் வேல செய்யறப்போ நீ குத்தம் கண்டுபுடிப்ப. அதுக்குப் படிப்பு வேறயா?” என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன ஒரே ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

சென்னையில் முதல் இரண்டு வருடம் தொடர்களில் ஓடியது. அப்புறம் விளம்பரங்கள், அப்புறம் படங்கள். ஒரு படத்தில் கதாநாயகன் ஹோட்டலில் தோசை சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவான். டேக் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் புதுத் தோசையை அதே ஓரத்தில், அதே அளவுக்குக் கிழித்து வைத்தேன். தோசை மாஸ்டர் எட்டிப் பார்த்து, “எம்மா, கிழிச்ச தோசையே ஊத்தறதுக்கு எதாவது வழி இருக்குதான்னு பாக்கட்டுமா?” என்று கேட்டார். இன்னொரு படத்தில் பெரிய நடிகர் ஒருவர் வாட்ச்சைக் கை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்நூறு பேர் நிற்கும் கூட்டக் காட்சி. இயக்குநர் ‘ஆக்‌ஷன்’ சொல்ல வாயைத் திறந்தபோது நான் கையைத் தூக்கினேன். மொத்த யூனிட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வாட்ச் மாறியது. அப்புறம்தான் ஷாட் போனது.

அந்தக் கையை எப்படித் தூக்கினாய் என்று உதவி இயக்குநர்கள் பின்னால் கேட்டார்கள். பயமில்லாமல் தூக்கவில்லை. அதைவிடக் கஷ்டமாக ஒரு கையை நான் கல்லூரியிலேயே தூக்கியிருந்தேன். சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு அந்தக் காலையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

இறுதியாண்டில் ஒவ்வொரு குழுவும் ஒரு த்ரில்லரின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பார்த்து முடித்தவர் ‘அடுத்து என்ன?’ என்று கேட்க வேண்டும். எங்கள் குழுவில் நான்கு பேர். இயக்கம் ரெஹானா. கேமரா பிரவீன். நடிப்பு நிவேதா. கண்டினியூட்டியும் மற்ற எடுபிடி வேலைகளும் மதி என்கிற நான்.

ரெஹானா கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா வளைகுடாவில் இருந்தார். வகுப்பில் என் வயதுதான். படப்பிடிப்பில் மட்டும் அவள் எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி ஆகிவிடுவாள். குரலை உயர்த்த மாட்டாள். ‘சூப்பர்’, ‘செம’ என்ற வார்த்தைகளை அவள் இருக்கும் இடத்தில் யாரும் சொல்லக் கூடாது. டேக் முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவள் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “என்ன தப்பு?”

‘ஓகேவா?’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவள் அப்படிக் கேட்டதே இல்லை. எடுத்ததை மானிட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். என் நோட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பும் ‘தப்பு’தான். தப்பு இல்லையென்றால் அங்கே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கையெழுத்துப் போட்டபிறகு அந்த ஷாட்டில் ஏதாவது வெளியே வந்தால் அது அவளுடைய தப்பு ஆகாது, என்னுடையது. மூன்று வருடத்தில் என் கையெழுத்துக்குக் கீழே ஒரு தப்புகூட வந்ததில்லை. அதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கவும் இல்லை.

கேன்டீனில் ரெஹானா கதையைச் சொன்னாள். “சென்னையிலேருந்து வந்த ஒரு பொண்ணு காணோம். காலையில தேடுறாங்க. உப்பளம். வெள்ளை வெளேர்னு பாத்தி. வரப்புல ஒரு ஜோடி செருப்பு. செருப்புலேருந்து வெறுங்கால் தடம் பாத்திக்குள்ள போவுது. நடுவுல நின்னுடுது. ஆள் இல்ல. திரும்பி வந்த தடமும் இல்ல.”

“ஓடிப் போன மாதிரியா?” என்று நிவேதா கேட்டாள்.

“இல்ல. நடந்துதான் போறா. ஓடினா நமக்கு பயம் வராது.”

பிரவீன் மேசையைத் தட்டினான். “உப்பளத்துக்கு எங்க போவ? இதோ உக்காந்துக்கினு இருக்காங்களே நம்ம உப்பு மொதலாளி!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதல் வருடம் முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சொன்னோம். என் முறை வந்தபோது, “மரக்காணம். எங்களுக்கு உப்பு பிசினஸ்” என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவளின் அப்பா வங்கி மேலாளர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மறுநாளே திருத்தியிருக்கலாம். மறுநாளே பிரவீன் ‘மொதலாளி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் பாத்தி கிடையாது. அம்மா பாத்தியில் கூலிக்கு உப்பு வாருகிறவர். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஐந்து கோடை விடுமுறையும் நானும் வாரினேன்.

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

அம்மாவுடன் வேலை செய்யும் பெண்களுக்குக் காசியம்மா அத்தைதான் தலைவி. அவரிடம் போய் நின்றேன். எந்தப் பாத்தியை எந்த நாள் வார வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்தான். தண்ணீர் சுண்டி, மேலே வெள்ளை ஏடு கட்டி நிற்கும் பாத்தி ஒன்று வேண்டும், வாருவதற்கு முன்னால் ஒருத்தி அதில் நடக்க வேண்டும் என்றேன். அத்தை யோசித்தார். “வார்ற அன்னிக்கு விடியக்காலயில வா. வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சிக்கினு போயிடணும். மொதலாளிகிட்ட நா சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு. செருப்பு, பூட்ஸுன்னு போட்டுக்கினு எவனும் எறங்கக் கூடாது. ஒரு ஆளு, ஒரு தடவ. குதிங்கால்ல குத்திக் குத்தி நடந்தா தரை பள்ளமாயிடும். அப்புறம் வார்ற உப்பெல்லாம் சேறு.”

“சரி அத்தே. இன்னொண்ணு…” என்று இழுத்து, கல்லூரியில் நான் சொல்லி வைத்திருந்ததைச் சொன்னேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்கம்மாளுக்குத் தெரியுமா?”

அன்று மாலை அம்மாவிடமும் சொன்னேன். படப்பிடிப்பு நாளில் மட்டும் வேலைக்கு வர வேண்டாம் என்றேன். என் முகச் சாடை அப்படியே அம்மாவுடையது. பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். அம்மா கோபப்படவில்லை. “நா வந்தா உன் கேமராவுல விழுந்துடுவேனா?” என்று கேட்டார். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார்.

மூன்று வாரம் திட்டமிட்டோம். ரெஹானா விடுதி அறைச் சுவர் முழுக்கப் படம் வரைந்து ஒட்டினாள். ஒரு தட்டில் களிமண்ணைப் பரப்பி, மேலே ரவையைத் தூவி, பொம்மைக் காலால் அழுத்தி, எந்தக் கோணத்தில் வெளிச்சம் விழுந்தால் தடம் நன்றாகத் தெரிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். தாழ்ந்த வெளிச்சம்தான் சரி. அப்போதுதான் தடத்துக்குள் நிழல் விழும். கடல் பக்கமிருந்து சூரியன் எழும்பி முக்கால் மணி நேரம் வரை அந்த வெளிச்சம் கிடைக்கும். மோட்டார் ஷெட்டின் கூரையில் கேமராவை வைத்துக் கீழே பார்த்து எடுப்பது என்று முடிவானது.

மிச்சமிருந்தது ஒரே சிக்கல். நடுப்பாத்திக்குப் போனவள் எப்படி வெளியே வருவது? பலகை போட்டால் ஏடு உடையும். “போன தடத்துலேயே பின்பக்கமா கால வச்சு வரணும்” என்றேன். “முடியுமா?” என்றாள் ரெஹானா. “மெதுவா வந்தா முடியும்.” இரண்டாவது டேக் கிடையாது. ஏடு ஒருமுறை உடைந்தால் திரும்பக் கட்ட ஒரு வாரம் ஆகும். எங்களுக்கு அந்த ஒரு வாரம் இல்லை.

அன்று காலை ரெஹானா விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தொழுதுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து வரப்பில் நின்றிருந்தாள். காசியம்மா அத்தையும் மூன்று பெண்களும் நீளக் கம்பு போட்ட வாரும் பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு, நாங்கள் முடிக்கக் காத்திருந்தார்கள். பிரவீன் ஷெட்டுக் கூரையிலிருந்து கத்தினான். “மொதலாளி! உங்க ஆளுங்கள ஃபிரேமுக்கு வெளிய போவச் சொல்லுங்க!”

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். “மொதலாளியா? எங்கடி அவரு? வந்திருக்காரா?” என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கிட்டே போய், “கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களாம்மா?” என்றேன்.

“நிக்கிறோங்க மொதலாளி. நீங்க சொல்லி நிக்காம இருப்போமா?” என்றார் அத்தை. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எனக்குக் காது மடல் சுட்டது.

முதல் ஷாட் எளிது. நிவேதா வரப்பில் வந்து நிற்கிறாள், செருப்பைக் கழற்றுகிறாள். என்ன தப்பு? இல்லை. கையெழுத்து. இனி அவள் பாத்திக்குள் இறங்க வேண்டும். பழகிப் பார்க்கட்டும் என்று பக்கத்தில் கொட்டிக் கிடந்த உப்பின் ஓரத்தில் அவளை நடக்க வைத்தோம். நான்காவது அடியிலேயே பாதத்தில் கீறல் விழுந்து உப்பு ஏறிவிட்டது. அவள் வரப்பில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். அடுத்த அடி வைக்க அவளால் முடியவில்லை.

கடல் பக்கம் வானம் சிவந்துவிட்டது. ரெஹானா யாரையும் திட்டவில்லை. நிவேதாவின் காலைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். “உன் சைஸ் என்ன?”

“அவளோடதுதான்.”

“நீ நட.”

சுடிதார் காலை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினேன். ஏடு உடைந்து கருத்த ஈர மண் தெரிந்தது. வெள்ளையில் ஒரு கறுப்புத் தடம். அதற்கு முன்னால் இன்னொன்று. நடுவை எட்டியபோது இருபத்திரண்டு அடி ஆகியிருந்தது. ஒரு நொடி நின்றேன். பிறகு பின்பக்கமாகவே, அதே தடங்களில், ஒன்றுவிடாமல் கால் வைத்துத் திரும்பி வந்தேன். ஒரு ஓரம்கூடச் சிதையவில்லை. வரப்பில் ஏறியபோது பிரவீன் கூரையிலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். எனக்கே பெருமையாக இருந்தது.

கேமரா ஓடியது. சூரியன் சரியாக ஏறி வந்து ஒவ்வொரு தடத்திலும் நிழலை வார்த்தது. ரெஹானா ‘கட்’ சொன்னாள். எல்லோரும் மௌனமானோம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“என்ன தப்பு?”

மானிட்டரில் போட்டுப் பார்த்தேன். செருப்பு சரி. கோடு சரி. தடம் நிற்கும் இடம் சரி. ‘இல்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன். இன்னொருமுறை போட்டேன். எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

யார் நடந்தாலும் முதலில் குதிகாலை ஊன்றுவார்கள். கிளம்பும்போது விரல்களால் உந்துவார்கள். ஈர மண்ணில் குதிகால் இடம் பள்ளமாகவும், விரல் இடத்தில் மண் பின்னால் வழித்தும் இருக்கும். பாத்தியில் வேலை செய்கிறவள் அப்படி நடந்தால் தரை கெடும். அதனால் அவள் முழுப் பாதத்தையும் ஒரே சமயத்தில் தட்டையாக வைப்பாள். நேராக மேலே எடுப்பாள். அடி குட்டையாக இருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு வாரம் வாரினால் காலே கற்றுக்கொள்ளும். மானிட்டரில் இருந்த இருபத்திரண்டு தடமும் அப்படித்தான் இருந்தன. ஒன்றில்கூடக் குதிகால் பள்ளம் இல்லை. சென்னையிலிருந்து முந்தின நாள் வந்த பெண்ணின் தடம் அது இல்லை.

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எங்கள் துறையில் ஒருவருக்கும் இது தெரியப் போவதில்லை. தப்பை எழுதினால், மறுபடி எடுக்க முடியாத அந்த ஷாட் போய்விடும். அதோடு, எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள்.

“மதி. வெளிச்சம் போவுது” என்றாள் ரெஹானா.

“தப்பு இருக்கு” என்றேன். “நடை தப்பு.”

விளக்கினேன். பிரவீன் ஏணியில் பாதி இறங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “ஏம்மா, தடம் பின்னியிருக்குது. இத எவன் கண்டுபுடிக்கப் போறான்? விட்டுத் தள்ளு!”

ரெஹானா அவனைப் பார்க்கவில்லை. “யார் யாருக்குத் தெரியும்?”

“இந்த உப்பளத்துல வேலை செய்யற எல்லாருக்கும்.”

“நம்ம டிபார்ட்மெண்ட்ல?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண், பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதையும் நம்பியிருப்பாள். நோட்டு கையில் இருந்தது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

“நான் அஞ்சு வருஷம் இங்க வாரியிருக்கேன். எங்களுக்குப் பாத்தி எதுவும் கிடையாது. அம்மா கூலிக்கு வார்றாங்க. இன்னிக்கும் வந்திருக்க வேண்டியவங்க. நான்தான் வர வேணாம்னு சொன்னேன்.”

பிரவீன் ஏணியிலேயே நின்றான். நிவேதா காலைத் தடவுவதை நிறுத்திவிட்டாள். ரெஹானா என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

“மூணு வருஷமா ஒரு பொய்ய எங்கயும் கண்டினியூட்டி தப்பாம காப்பாத்தியிருக்கே” என்றாள். பாராட்டும் குரல் இல்லை அது. “எனக்குக் கோவம்தான். அத வெளிச்சம் போனப்புறம் பேசுவோம்.”

பேசினோம். அது இங்கே வேண்டாம்.

அவள் வரப்பில் நேராகக் காசியம்மா அத்தையிடம் நடந்து போனாள். “அம்மா, ஒரு நிமிஷம். இந்தத் தடத்தப் பாருங்க. மெட்ராஸ்லேருந்து வந்த ஒரு பொண்ணு நடந்து போயிருக்கா. காணோம்.”

அத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். “கத வுடாதம்மா. இது மெட்ராஸ்காரி கால் இல்ல. இது வார்றவ கால்.”

ரெஹானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. “அப்போ தேடி வர்ற போலீஸுக்குத் தெரியாதது இவங்களுக்குத் தெரியுது” என்று மெதுவாகச் சொன்னாள். “செருப்பு அவளுது. தடம் அவளுது இல்ல. அப்ப யாரு நடந்தது?” பிறகு கொஞ்சம் வேகமாக, “பிரவீன், கேமராவக் கீழ எறக்கு. அம்மா, இப்ப சொன்னத அங்க நின்னு சொல்றீங்களா?”

“நா எதுக்கும்மா? நா இன்னும் மூஞ்சி கூடக் கழுவல.”

“கழுவாதீங்க.”

முதல் டேக்கில் அத்தை கன்னத்தில் கை வைத்து, கண்ணை விரித்து, “அய்யய்யோ! இது அந்தப் பொண்ணு தடம் இல்லீங்கோ!” என்று அலறினார். வேலைக்கு வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரவீனின் தோள் குலுங்கியதில் ஃபிரேமும் குலுங்கியது. ரெஹானா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். “என்ன தப்பு?”

“அத்தை நடிக்கிறாங்க” என்றேன்.

“அப்பாடா. இப்பதான் வாயில அத்த வருது” என்றார் காசியம்மா.

சூரியன் ஒரு ஆள் உயரம் ஏறிவிட்டது. தடத்தின் நிழல்கள் மெலிந்துகொண்டிருந்தன. இன்னும் சில நிமிடம்தான். ரெஹானா அத்தையின் கையில் வாரும் பலகையைக் கொடுத்தாள். கேமராவை ஓடவிட்டு, எதுவும் சொல்லாமல் நின்றாள். அத்தை சும்மா நிற்க முடியாமல் பாத்தியைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. வெயில் ஏறுகிறது, வேலை கெடுகிறது என்கிற எரிச்சல்.

“யாருது இந்தத் தடம்?” என்று ரெஹானா கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“அந்தப் பொண்ணுது இல்ல” என்றார் அத்தை, தலையைக்கூடத் திருப்பாமல். “இங்க வேல செய்யறவளுது.”

கட். மௌனம். மானிட்டர். என்ன தப்பு? இல்லை. கையெழுத்துப் போட்டேன். முந்தின ஷாட்டின் கட்டத்தில், ‘நடை தவறு. நடந்தது நான். உப்பு வாரியவள்’ என்று எழுதினேன். ரெஹானா அதை வாங்கிப் படித்து, கீழே ‘இப்படியே வைத்துக்கொள்கிறோம்’ என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டாள். கதையே அதன்பிறகு மாறிவிட்டது. மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. ‘தடத்தை வைத்து இவர்களால் இவ்வளவு சொல்ல முடியும் என்பது நம்பும்படி இல்லை’ என்று ஒரு தேர்வாளர் எழுதியிருந்தார். சாஃப்ட்வேர் அந்தத் தடத்து ஷாட்டுக்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவரை அதில் எதுவும் வேறெந்த ஷாட்டோடும் மாறுபடவில்லை; தப்பு நடையில்தான் இருந்தது.

நாங்கள் ஷெட்டுப் பக்கத்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தபோது அத்தை பெண்களோடு பாத்தியில் இறங்கினார். ஏட்டை வாரி ஓரம் தள்ளினார்கள். இருபத்திரண்டு தடமும் பலகைக்கு அடியில் போயின. தடம் போன வழியில் தரை லேசாகப் பிளந்திருந்தது. போய்த் திரும்பிய கால்கள் ஒரே இடத்தில் இரண்டுமுறை அழுந்தியதில் வந்த பிளவு. எவ்வளவு தட்டையாக நடந்தாலும் இரண்டுமுறை என்பது இரண்டுமுறைதான். பிளந்த தரையை வரிசையாக நின்று காலால் மிதித்துத்தான் மறுபடி இறுக்க வேண்டும்.

அத்தை நிமிர்ந்தார். யூனிட் மொத்தத்துக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். “ஏ மதி! பாத்துக்கினு நிக்கிற? நீ ஒடச்ச தரய எவ வந்து மிதிப்பா? உங்கம்மா எடம் காலியாத்தான் கீது. வந்து நில்லு!”

நோட்டை ரெஹானாவிடம் கொடுத்தேன். சுடிதார் காலை மறுபடி சுருட்டினேன். இறங்கி வரிசையில் அம்மா நிற்கும் இடத்தில் நின்றேன். பக்கத்துப் பெண் என் தோளில் கை போட்டுக்கொண்டாள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கால் தூக்கி, ஒரே நேரத்தில் வைத்து, பக்கவாட்டில் நகர்ந்து மிதித்தோம். சேறு விரலிடுக்கில் பிதுங்கியது. பிரவீன் மொதலாளி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை போலிருந்தது.

அடுத்த ஷாட், வரப்பில் நிவேதா திரும்பிப் பார்ப்பது. அதற்கு வெளிச்சம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ரெஹானா நோட்டைப் புரட்டினாள். அவள் தேடியது கிடைக்கவில்லை. வரப்பின் ஓரத்துக்கு வந்து நின்றாள்.

“மதி! செருப்பக் கழட்டுறப்போ நிவேதா துப்பட்டா எந்தத் தோள்ல இருந்துது?”

“வலது தோள்” என்றேன், மிதிப்பதை நிறுத்தாமல். “நுனி தரையில பட்டுது. மண்ணு ஒட்டியிருக்கணும்.”

ரெஹானா குனிந்து, துப்பட்டாவின் நுனியை வரப்பு மண்ணில் ஒருமுறை தேய்த்தாள்.